121 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி:

என் மகள் தொடக்கநிலை 2இல் படிக்கிறாள். வயது ஏழேமுக்கால். கணக்கில் வயதுக்கு மீறிய ஆர்வம் இருப்பதாக ஆசிரியர் சொன்னதால், தனியார் உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்று ஐகியூ தேர்வு எழுத வைத்தோம். மொத்த மதிப்பெண் 121 என்று வந்திருக்கிறது. 130 இருந்தால்தான் மீத்திறன் என்று எங்கோ படித்த என் கணவர் மனம் தளர்ந்துவிட்டார். என் நாத்தனார் மகனுக்கு ஐந்து வயதிலேயே 133 வந்ததாம். ஜூன் விடுமுறையில் வேறோர் உளவியலாளரிடம் மறுபடியும் தேர்வு எழுத வைக்கலாமா, அதற்கு முன் பயிற்சி நூல்கள் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். மொழிப் பகுதியில் மதிப்பெண் குறைந்ததற்கு வீட்டில் பாட்டியுடன் தமிழிலேயே பேசுவதுதான் காரணம் என்கிறார் உறவினர் ஒருவர். அடுத்த ஆண்டு தொடக்கநிலை 3இல் நடக்கும் தேர்வுக்கு இந்த அறிக்கை பயன்படுமா? தேர்வு முடிந்து வெளியே வந்ததும் மகள், “அம்மா, நான் பாஸா?” என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.
– சிங்கப்பூரின் செங்காங் வட்டார வாசகி ஒருவர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் நீங்கள் இணைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் இருப்பது ஒரே ஓர் எண். அறிக்கையில் இருப்பதோ ஒரு குழந்தை. ஏழாம் பக்கத்தில் உள்ள அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, முடிந்தால் உங்கள் கணவரையும் அருகில் உட்காரச் சொல்லி, இந்தப் பதிலைப் படியுங்கள்.

உங்கள் மகள் எழுதியது விஸ்க் எனப்படும் வெக்ஸ்லர் சிறார் நுண்ணறிவுத் தேர்வின் ஐந்தாம் பதிப்பு. டேவிட் வெக்ஸ்லர் 1949இல் முதன்முதலில் வெளியிட்ட இந்தத் தேர்வின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. ஆறு வயது முதல் பதினாறு வயது முடியும்வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. இதில் வரும் 121 என்பது நூற்றுக்கு இத்தனை என்று நாம் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணைப் போன்றதன்று. அதே வயதுப் பிள்ளைகள் பலரைச் சோதித்து, அவர்களுடைய சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு குழந்தை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை 15 புள்ளிகளை ஓர் அடியாகக் கொண்டு அளக்கிறார்கள். 115 என்றால் சராசரிக்கு ஓரடி மேலே, 130 என்றால் ஈரடி மேலே. உங்கள் மகளின் 121, ஒப்பிடப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 92 பேரின் மதிப்பெண்ணுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கிறது என்பதே அந்த எண்ணின் முழுப் பொருள். ஒப்பிடப்பட்ட பிள்ளைகள் எந்த நாட்டினர் என்பதையும் உளவியலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தேர்வுக்கு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்பீட்டு அட்டவணைகள் உண்டு. ஒரே விடைத்தாள் அட்டவணைக்கு அட்டவணை ஓரிரு புள்ளிகள் மாறக்கூடும்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் “115–126” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தீர்களா? பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இது. எந்த அளவுகோலிலும் பிழை உண்டு. காலையில் சரியாகச் சாப்பிட்டாளா, அறை குளிராக இருந்ததா, முன்பின் தெரியாதவர் முன்னால் வாய் திறக்கத் தயங்கினாளா என்பதெல்லாம் ஓரளவு எண்ணில் ஏறிவிடும். அந்தப் பிழைக்கு இடம் கொடுத்து, அவளுடைய உண்மையான மதிப்பெண் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் இருக்கும் என்று உளவியலாளர் சொல்கிறார். 121 என்று ஒரு புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு துயரப்படுவதற்கு அந்தத் தேர்வே இடம் தரவில்லை.

இனி அட்டவணைக்குள் போவோம். மொத்த மதிப்பெண்ணுக்கு அடியில் ஐந்து சுட்டெண்கள் இருக்கின்றன. சொற்புரிதல் 113, காட்சியும் இடவுணர்வும் 132, புதிய சிக்கலில் தருக்கத்தைக் கண்டுபிடிக்கும் திறன் 131, கேட்டதை மனத்தில் நிறுத்திக் கையாளும் செயல்நினைவு 107, செயல்வேகம் 95. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கும்போதுதான் பொருந்தும். இங்கே உச்சத்துக்கும் அடிக்கும் இடையே 37 புள்ளிகள் இடைவெளி. இரண்டு சுட்டெண்களில் உங்கள் மகள் நூறு பேரில் முதல் இரண்டு மூன்று பேருக்குள் நிற்கிறாள். இன்னொன்றில் சராசரிப் பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கிறாள். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து எடுத்த 121, இந்த இரண்டில் எந்த நிலையையும் சரியாகக் காட்டுவதில்லை. திறன் மிகுந்த பிள்ளைகளிடம் இத்தகைய மேடு பள்ளம் அரிதன்று. நான் படிக்கும் அறிக்கைகளில் அடிக்கடி காண்பதுதான்.

செயல்வேகத்தில் 95 என்பது ஒரு குறைபாடா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லை, அது சராசரி. அது எப்படி வந்தது என்பதை ஒன்பதாம் பக்கத்தில் உளவியலாளர் மிக அழகாக எழுதியிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறியீடுகளை எழுத வேண்டிய பகுதி ஒன்று அந்தச் சுட்டெண்ணில் உண்டு. அதற்குக் கொடுக்கப்படும் பென்சிலில் அழிப்பான் இருக்காது. உங்கள் மகள் ஒவ்வொரு குறியீட்டையும் கோடு தவறாமல் வரைந்திருக்கிறாள், ஒன்று சற்றுக் கோணலாகிவிட்டதும் நிறுத்தி, பென்சிலைத் திருப்பிப் பார்த்து, “அழிரப்பர் இருக்கா?” என்று கேட்டிருக்கிறாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிய வரையில் ஒரு பிழைகூட இல்லை. இத்தகைய தனிப் பகுதிகளில் சராசரி 10. அந்தப் பகுதியில் அவள் வாங்கிய 8 என்ற மதிப்பெண்ணில் அவளுடைய சிந்தனையின் வேகம் எவ்வளவு, தவறக்கூடாது என்ற கவலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் கவலைக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. எனக்கு அந்த அறிக்கை முழுவதிலும் மிக முக்கியமான வரி அதுதான். வீட்டுப்பாடத்தின்போதும் அழித்து அழித்து எழுதுகிறாளா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அவளுக்கு வேண்டியது வேகப் பயிற்சி அன்று. கோணலான ஓர் எழுத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்ற துணிவு. அந்தத் துணிவைப் பெரியவர்கள்தாம் தர வேண்டும்.

இப்படி மேடு பள்ளம் பெரிதாக இருக்கும்போது, செயல்நினைவையும் செயல்வேகத்தையும் ஒதுக்கிவிட்டு, சிந்திக்கும் திறனை மட்டும் கொண்டு கணக்கிடும் பொதுத் திறன் சுட்டெண் ஒன்றையும் உளவியலாளர்கள் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு அது 127. இந்த எண் உயர்ந்து இருப்பதற்காக அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அவள் எப்படிச் சிந்திக்கிறாள் என்பதற்கு 127 நெருக்கமான விடை. வகுப்பறையில் கேட்டதை நினைவில் நிறுத்தி, நேரத்துக்குள் எழுதி முடிப்பது உட்பட எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் 121 நெருக்கமான விடை.

உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 130 என்பது இயற்கை போட்ட கோடு அன்று. சராசரியிலிருந்து ஈரடி தள்ளி நின்றால் எண்ணிக்கை வசதியாக இருக்கிறது, ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினர் மட்டுமே வருவார்கள் என்பதால் மனிதர்கள் போட்டுக்கொண்ட கோடு. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் ஏறத்தாழ 135ஐக் கோடாக வைத்து, 1,500 பிள்ளைகள் அளவில் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். அந்தத் தேர்வில் கோட்டைத் தாண்டாமல் திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஷாக்லி 1956இலும் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்கள். தேர்வு பயனற்றது என்பதற்காக இதை நான் சொல்லவில்லை; பல ஆண்டுகளாக அதையே நடத்தி வருபவன் நான். கோட்டுக்கு ஒன்பது புள்ளி கீழே நிற்பதை வைத்து ஏழு வயதுக் குழந்தையைப் பற்றி ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாத்தனார் மகனின் 133ஐப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து வயதில் எழுதியது மழலையர் வயதுக்கான வேறொரு தேர்வு. அந்த வயது மதிப்பெண்கள் பிற்காலத்தில் கூடவும் குறையவும் வாய்ப்பு அதிகம். பழைய பதிப்பில் சோதித்திருந்தால் மதிப்பெண் சற்று உயர்ந்தே வரும். வேறு வேறு அளவுகோலில் அளந்த இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து உயரம் பார்க்க வேண்டாம். குடும்ப விருந்துகளில் இந்தப் பேச்சு எழும்போது இரண்டு பிள்ளைகளும் காதில் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

தமிழைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னதற்கு வருகிறேன். இதைத்தான் நான் விரிவாக எழுத வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு தவறான அறிவுரையால் வீட்டில் தமிழை நிறுத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் யாருடைய குழந்தையும் அதனால் ஆங்கிலத்தில் உயர்ந்ததாக எனக்கு நினைவில்லை. சொற்புரிதல் சுட்டெண்ணின் 113 இரண்டு பகுதிகளால் ஆனது. சொற்பொருள் சொல்லும் பகுதியில் உங்கள் மகளுக்கு 11. இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள ஒற்றுமையைக் கண்டு சொல்லும் பகுதியில் 14. இங்கேயும் 10 என்பதே சராசரி. தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. மொழியின் வழியாக நுட்பமாகச் சிந்திப்பதில் அவளுக்குத் தடை எதுவும் இல்லை என்பதை 14 காட்டுகிறது. ஆங்கிலச் சொற்களின் கையிருப்பு மட்டும் வயதுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது என்பதை 11 காட்டுகிறது. இரு மொழிகளில் வளரும் பிள்ளைகளின் சொற்கள் இரண்டு மொழிகளிலும் பங்கிட்டுக் கிடக்கும். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும்; இரண்டையும் சேர்த்து எண்ணினால் கணக்கு நேராகும். ஆங்கிலத் தேர்வுக்குத் தமிழ்ச் சொற்களை எண்ணும் வழி இல்லை. குறை அளவுகோலில் இருக்கிறது.

என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேர்வில் வரும் சொல்லை வெளியிடக்கூடாது என்பதால் அதுபோன்ற வேறொரு சொல்லை வைத்துச் சொல்கிறேன். சல்லடைக்கு உரிய ஆங்கிலச் சொல்லைக் கேட்டு, அதன் பொருள் என்ன என்று ஒரு சிறுவனிடம் கேட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சற்று யோசித்தான். பிறகு இரண்டு கைகளையும் வட்டமாகப் பிடித்து, இடமும் வலமுமாக அசைத்து, “பாட்டி மாவு சலிப்பாங்களே, கட்டியெல்லாம் மேல நிக்கும், நல்லது கீழ விழும்” என்றான். பொருளும் அதன் பயனும் அது வேலை செய்யும் விதமும் அவனுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னபோது, “சமைக்கிற சாமான்” என்ற அளவில் ஒரு விடை சொன்னான். விதிப்படி அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க முடியவில்லை. மதிப்பெண்ணை விதிப்படி இட்டேன். அவன் கையால் காட்டியதையும் தமிழில் சொன்னதையும் அறிக்கையின் விளக்கப் பகுதியில் ஒரு பத்தி முழுவதும் எழுதினேன். உங்கள் அறிக்கையில் வீட்டுமொழி என்ற இடத்தில் “ஆங்கிலம், தமிழ்” என்று மட்டுமே இருக்கிறது. விளக்கச் சந்திப்புக்கு இன்னொரு முறை போக முடிந்தால், பாட்டியோடு நாள்முழுதும் தமிழில்தான் பேசுகிறாள் என்பதைச் சொல்லி, சொற்புரிதல் மதிப்பெண்ணை அந்தப் பின்னணியில் விளக்கி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பாட்டியிடம் பேச்சைக் குறைக்கச் சொல்லாதீர்கள். புளி ஏன் இவ்வளவு ஊற வேண்டும், கோலத்தில் புள்ளி எத்தனை வைத்தால் எத்தனை வளைவு வரும் என்று ஏழு வயதில் கேட்டு, பொறுமையாகப் பதில் சொல்ல ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால் அது பெரிய கொடை. உங்கள் மகளின் 132க்கும் 131க்கும் அந்த உரையாடல்களில் வேர் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆங்கிலச் சொல்வளம் கூட வேண்டுமானால் வழி எளிது: நூலகத்திலிருந்து அவளே தேர்ந்தெடுத்த ஆங்கில நூலை அவளோடு சேர்ந்து படியுங்கள்; படித்த கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மொழியில் வாங்கியதை இன்னொரு மொழியில் கொடுக்கும்போது இரண்டும் வளரும்.

பள்ளித் தேர்வுக்கு வருவோம். உங்கள் கணவர் மனத்தில் வைத்திருப்பது பழைய ஏற்பாடு. 1984இல் தொடங்கிய மீத்திறன் மாணவர் திட்டம், அதாவது நாம் ஜிஇபி என்று சொல்லிவந்தது, தொடக்கநிலை 3இல் இரண்டு கட்டத் தேர்வு வைத்து, ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினரை ஒன்பது பள்ளிகளில் சேர்த்தது. 2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், அந்த வடிவம் முடிவுக்கு வருவதாக அறிவித்தார். 2024இல் தொடக்கநிலை 1இல் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து புதிய ஏற்பாடு பொருந்தும். உங்கள் மகள் அதில்தான் வருகிறாள். இதன்படி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே கூடுதல் சவாலான பாடங்களை நடத்தும். ஏறத்தாழ பத்து விழுக்காட்டினர் இதனால் பயன்பெறுவர் என்று கல்வி அமைச்சு கூறியிருக்கிறது. மேலும் சவால் வேண்டியவர்கள், பள்ளி நேரத்துக்குப் பிறகு, அருகில் உள்ள குறிப்பிட்ட பள்ளிகளில் கூடுதல் வகுப்புகளுக்குப் போகலாம். தொடக்கநிலை 3இல் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஒரே கட்டமாக நடக்கும் தேர்வோடு ஆசிரியர்கள் நாள்தோறும் கவனித்ததையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போது தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளையைப் பிந்திய ஆண்டுகளில் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு.

ஆகவே, தனியாரிடம் எடுத்த இந்த 121ஐ யாரும் நுழைவுச்சீட்டாகக் கேட்கப்போவதில்லை. அது 131 ஆக இருந்திருந்தாலும் அப்படித்தான். பத்து விழுக்காடு என்றால் 119க்கு மேல் போதுமே, 121 அதற்குள் வந்துவிடுகிறதே என்று கணக்குப் போடவும் வேண்டாம். நுண்ணறிவுத் தேர்வில் மேலே இருக்கும் பிள்ளைகளும் பாடத் தேர்வில் மேலே இருக்கும் பிள்ளைகளும் பெருமளவு ஒன்றுபடுவார்கள், முழுவதும் ஒன்றுபடமாட்டார்கள். உங்கள் மகளைப் போல் வடிவத்திலும் தருக்கத்திலும் வலுவாக இருந்து, எழுதுவதில் நிதானமாக இருக்கும் பிள்ளை, நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வில் தன் அறிவுக்குக் குறைவாக மதிப்பெண் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் மாதத்தில் மறுபடியும் தேர்வு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரே தேர்வைச் சில மாதங்களுக்குள் திரும்ப எழுதினால் பழக்கத்தாலேயே சில புள்ளிகள் ஏறும். அதனால்தான் குறைந்தது ஓராண்டு, பெரும்பாலும் ஈராண்டு, இடைவெளி விடுவோம். பயிற்சி நூல் கொடுத்துவிட்டு எழுத வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஒப்பீட்டு அட்டவணையில் உள்ள பிள்ளைகள் அந்தக் கேள்விகளை முதன்முதலாகப் பார்த்தவர்கள். பயின்ற பிள்ளையை அவர்களோடு ஒப்பிட்டு வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. அடுத்து ஒரு காலத்தில் உண்மையான தேவைக்காகச் சோதிக்க வேண்டி வந்தால், அப்போது நம்பத்தக்க அளவு எதுவும் கையில் இராது. தொடக்கநிலை 3 தேர்வுக்கென்று தனி ஆயத்த வகுப்பிலும் சேர்க்காதீர்கள். பயிற்சியால் உள்ளே போன பிள்ளை, பயிற்சி இல்லாத பாடத்தை வாரந்தோறும் சந்திக்க வேண்டியிருக்கும். தவறு செய்ய அஞ்சும் உங்கள் மகளுக்கு அந்தச் சுமை வேண்டவே வேண்டாம்.

இந்த அறிக்கையால் உண்மையில் பயன் வரும் இடம் அவளுடைய வகுப்பறை. அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். மதிப்பெண்ணில் தொடங்க வேண்டாம். கணிதத்தில் அவள் வீட்டில் என்ன செய்கிறாள் என்பதில் தொடங்குங்கள். அவள் தானே உருவாக்கிய புதிர், வரைந்த வடிவம் ஏதேனும் இருந்தால் அதைக் காட்டுங்கள். கூடுதலாகப் பத்துக் கணக்குகள் தருவதைவிட, பல வழிகளில் தீர்க்கக்கூடிய ஒரே கணக்கைத் தர முடியுமா என்று கேளுங்கள். அழித்து எழுதும் பழக்கத்தை வகுப்பிலும் காண்கிறாரா என்று கேளுங்கள். அவர் “ஆம்” என்றால் பள்ளியின் ஆலோசகரையும் கலந்து பேசலாம்.

கடைசியாக, உங்கள் மகளின் கேள்வி. அவள் கேட்டு நாளாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பதில் வராத கேள்வியைப் பிள்ளைகள் தாமே நிரப்பிக்கொள்வார்கள். இன்று இரவே, தூங்கப் போகும் முன், இப்படிச் சொல்லலாம்: “அது பாஸ், ஃபெயில் இருக்கிற தேர்வு இல்லை, அம்மா. உனக்கு எது ரொம்பப் பிடிக்குது, எது கொஞ்சம் கஷ்டமா இருக்குதுன்னு தெரிஞ்சுக்க அந்த ஆன்ட்டி உன்னோட உட்கார்ந்து பார்த்தாங்க. வடிவத்தை வைத்துப் புதிர் போடறது உனக்கு ரொம்ப நல்லா வருதாம். எழுதும்போது ஒன்னு கோணலாப் போனா அப்படியே விட்டுடலாமாம்.” எண் என்ன என்று கேட்டால், பெரியவளானதும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம் என்று சொல்லுங்கள்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும் நாளில் முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்துப் போகாதீர்கள். ஏழாம் பக்கத்தையும், அழிரப்பர் கேட்ட அந்த வரி உள்ள ஒன்பதாம் பக்கத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.